மிளகாய்க்கு அழாத கண்

என் ஓரகத்தியின் கண்களைப் பார்த்து நான் பத்து வருஷம் வயிறெரிந்திருக்கிறேன். ஓரகத்தி என்றால் என் புருஷனின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அழகான கண்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சின்னக் கண்கள், மேல் இமை லேசாகத் தொங்கியிருக்கும். ஆனால் மூட்டை மூட்டையாக வற்றல் மிளகாயைக் கொட்டிப் புடைத்தாலும் அவற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எனக்கோ மூட்டையின் தையலைப் பிரிக்கும்போதே கொட்ட ஆரம்பித்துவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி கொச்சியில் இருக்கும் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துத் தோப்பும்படியில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அக்கா என்னைவிடப் பதினான்கு வயது பெரியவள். வந்த இரண்டாம் மாதமே என்னைக் கையைப் பிடித்து பாண்டிகசாலைக்குக் கூட்டிப்போய்விட்டாள். பாண்டிகசாலை என்பது சரக்குக் கிடங்கு. கடைத்தெருவில் முன்வாசல், காயலில் பின்வாசல். சுக்கும் மிளகும் மஞ்சளும் வருகிற இடம்தான், ஆனால் எங்கள் கிடங்கில் பெரும்பாலும் வற்றல் மிளகாய். காம்பு கிள்ளி, விதை தனியாகச் சலித்து, நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அது பெண்கள் வேலை.

மிளகாய்க் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனியாக உட்காரக் கூடாது. இரண்டு இரண்டு பேராக, எதிரெதிரே. எல்லார் கையிலும் மிளகாய்க் காரம் ஏறியிருக்கும். அந்தக் கையால் தன் கண்ணைத் தானே தொட்டால் அன்றைய பாடு முடிந்தது. அதனால் என் கண்ணுக்கு நீ காவல், உன் கண்ணுக்கு நான். எதிரே இருப்பவள் கண்ணில் தூசியோ மிளகாய்த் தொலியோ விழுந்தது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். இடுப்பில் செருகிய சுத்தத் துணியை அவள் தலைக்கு மேல் கட்டியிருக்கும் தண்ணீர்க் கலயத்தில் நனைத்து, நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதற்கு ஜோடி என்று பெயர். புருஷனை மாற்றினாலும் ஜோடியை மாற்றமாட்டார்கள் என்று கிடங்கில் கேலி பேசுவார்கள். நான் புதுசு என்பதால் அக்கா தன் பழைய ஜோடியை விட்டுவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முதல் வருஷம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது என் கண்ணை ஒற்றியிருப்பாள். அவள் கண்ணை நான் ஒற்றியது வாரத்துக்கு ஒரு முறை இருந்தால் அதிகம். நன்றி இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் நன்றி சீக்கிரம் புளித்துப்போகிற சாமான்.

எங்கள் மூப்பன், அதாவது வேலை வாங்குகிறவர், புதிதாக வருகிற பெண்களையெல்லாம் முதலில் அக்காவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்.

"நோக்கு, இதாணு கண்ணு! கருங்கல்லு. நீங்களும் இருக்கீங்களே, முளகைக் கண்டா சாவு வீடு."

சொல்லிவிட்டு என்னைத்தான் பார்ப்பார். நான் அப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். கர்க்கிடகம் என்கிற ஆடி மாத மழையில் சரக்கு வராத நாட்களில் நாலே நாலு பேரைத்தான் உள்ளே கூப்பிடுவார். அக்கா ஒரு நாள்கூட வெளியே நின்றதில்லை. என் இடத்தில் அவளுக்கு ஜோடியாக வேறொருத்தியை உட்காரச் சொல்லிவிட்டு என்னைத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. நனைந்துகொண்டே வீட்டுக்கு நடப்பேன். மழைத் தண்ணீர்தான் முகத்தில் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

வீட்டிலும் அதே பாட்டுதான். தெருவில் ஒரு கல்யாணம் என்றால் வெங்காயம் அரிய அக்காவைத்தான் அழைப்பார்கள். ஒரு கூடை வெங்காயத்தைச் சிரித்துப் பேசிக்கொண்டே அரிந்து தள்ளுவாள். பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். என் புருஷன் ஒரு நாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணிக்கு மனசு உறுதி, அதான் கண்ணும் உறுதி. நீ தொட்டாச்சிணுங்கி" என்றார். அன்று அவருக்குக் குழம்பு ஊற்றவில்லை. ரசம்தான்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது எல்லோருக்கும் தெரியும். நான் வருவதற்கு முன்பே வந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அவள் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை என்றால் பரவாயில்லை. அக்காவுக்கு எப்போதும் செங்கல் நிறம். சிரித்துக்கொண்டே வந்து சொல்வாள். மாத்திரையை ஞாபகம் வந்தால் விழுங்குவாள். கால் செருப்பு வழியில் கழன்று போனது தெரியாமல் வீடு வரை நடந்து வந்திருக்கிறாள். அதற்கும் எல்லோரும் சிரித்தோம். சர்க்கரை வந்தது எனக்கு அவளுடைய இன்னொரு பவிசாகத்தான் பட்டது. அவளுக்குத் தனிச் சாயா, தனிக் கஞ்சி, அவள் களைத்து உட்கார்ந்தால் வீடே சத்தம் குறைக்கும். எனக்கு முதுகு பிளந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

எண்பதுகளின் முதல் வருஷங்களில் ஒரு கோடைக்காலம் அது. குண்டூர்ச் சரக்கு வந்திருந்தது. அந்த மிளகாய் மெல்லிய தொலி, தொட்டாலே உடைந்து பறக்கும். கிடங்கு முழுக்கத் தும்மலும் இருமலும். மூப்பனோடு வெளியூர் வியாபாரி ஒருவரும் வந்திருந்தார். அவருக்கு முன்னால் வழக்கம்போல அக்காவைக் காட்டி ஒரு பிரசங்கம். வியாபாரி குனிந்து அவள் கண்ணைப் பார்த்து நாக்கைத் தட்டி மெச்சினார். பிறகு என்னைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு என்ன, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அவர்கள் போனபிறகுதான் பார்த்தேன். அக்காவின் வலது கண்ணில், கறுப்பு விழியின் மேலேயே, சிவப்பாக ஒரு தொலித் துண்டு ஒட்டியிருந்தது. மீன் செதிலில் பாதி இருக்கும்.

நான் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன், கவனிக்கவில்லை என்று பிற்பாடு பல விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பொய். நன்றாகப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இன்றைக்கு எரியட்டும், இன்றைக்கு மூப்பன் திரும்பி வரும்போது இவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழியட்டும், கருங்கல்லின் லட்சணத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். காம்பு கிள்ளிக்கொண்டே அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "என்ன புள்ளே, ஒரு மாதிரி பார்க்கிற?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் மறுபடி சல்லடையை ஆட்ட ஆரம்பித்தாள். அடிக்கடி இமைக்கக்கூட இல்லை. காலையில் ஒன்பது மணி இருக்கும் அப்போது. பதினொன்றுக்குச் சாயா வருகிற வரை அந்தத் தொலி அங்கேயே இருந்தது. கண்ணீர் வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தொலியே ஒட்டியிருந்தும் இவளை ஒன்றும் செய்யவில்லையே, அப்படி என்ன வரம் வாங்கி வந்தாள் என்று. சாயா குடிக்கும்போது அவள் கண்ணைக் கசக்கினாள், முழங்கை மடிப்பால். அதற்குப் பிறகு தொலி என் பார்வைக்குத் தெரியவில்லை. இமைக்குள் போயிருக்கும்.

மறுநாள் கண் சிவந்திருந்தது. "நோவுதாக்கா?" என்று கேட்டேன். "இல்லையே, சாரமில்ல, பரவாயில்ல" என்றாள். அதற்கு மறுநாள் தடித்துப் பீளை கட்டியது. அப்போதும் வலிக்கவில்லை என்றாள். வலிக்காத கண்ணுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அவள் புருஷனும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக் கொங்கணிக்காரி வாசலில் நந்தியாவட்டைச் செடி இருந்தது. நானே போய்ப் பூப்பறித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அக்காவை மடியில் படுக்கவைத்துக் கண்ணில் விட்டேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவள் வலது விழியின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. "புகை மாதிரி இருக்கு, அடுப்பு புகையுதா?" என்று கேட்டாள். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்றே படகேறி எறணாகுளத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளும் நானும் மட்டும். அவள் பெண்கள் இருவரும் கட்டிக்கொடுத்த ஊர்களில் இருந்தார்கள். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மஞ்சளாக ஒரு மருந்தைக் கண்ணில் விட்டு, நீல விளக்கை அடித்தாள். புண் இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. இமையைப் புரட்டி அந்தத் தொலியை எடுத்து வெள்ளைப் பஞ்சின்மேல் வைத்தாள். நான் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

பிறகு டாக்டர் பஞ்சைத் திரித்து நூல்போல ஆக்கி, அக்காவின் நல்ல கண்ணின் கறுப்பைத் தொட்டாள். அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். "தொட்டது தெரியுதா?" என்றாள் டாக்டர். "எப்ப தொட்டீங்க?" என்றாள் அக்கா. டாக்டர் சட்டென்று என் பக்கம் திரும்பி, வேறொரு திரியால் என் கண்ணைத் தொட்டாள். நான் நாற்காலியோடு பின்னுக்குப் போனேன். கண்ணீர் கொட்டியது.

"இதாணு கண்ணு" என்றாள் டாக்டர், என்னைக் காட்டி. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் என் கண்ணைப் புகழ்ந்தார். அந்த இடத்தில் செத்துப்போனால் தேவலை போலிருந்தது.

டாக்டர் மலையாளத்தில் விளக்கியதை நான் இன்றும் மறக்கவில்லை. விழிக்கு முன்னால் கண்ணாடிபோல ஒரு தோல் இருக்கிறது. உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அதில் நரம்பு நெருக்கம். ஒரு தூசி விழுந்தால் நாம் துள்ளுவது அதனால்தான். சர்க்கரை வருஷக்கணக்காக ரத்தத்தில் நின்றால், கால் மரத்துப்போகிற மாதிரி அந்தத் தோலும் மரத்துப்போகும். வலி தெரியாவிட்டால் கண்ணுக்குத் தண்ணீர் ஊறவும் தெரியாது, இமைக்கிறதும் குறையும், கண் காய்ந்துவிடும். கீறல் விழுந்தால் மற்றவர்களுக்கு இரண்டு நாளில் ஆறுவது இவர்களுக்கு ஆறாது. மேல்தோல் அடியில் பிடிப்பில்லாமல் உரிந்து உரிந்து வரும். சர்க்கரைக்காரர்களுக்குக் கண்ணின் பின்பக்கம்தான் கெடும் என்று நினைக்கிறார்கள், முன்பக்கமும் கெடும் என்றாள்.

"ஆனா இவங்க அழுவாங்களே டாக்டர்" என்றேன். பெண்களைக் கட்டிக்கொடுத்தபோது அக்கா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

"துக்கத்துக்கு வர்ற கண்ணீர் வேற வழி. அது வரும்" என்றாள் டாக்டர். பிறகு அக்காவிடம், "முளகுக் கிடங்கில் இத்தனை வருஷம் எப்படி இருந்தீங்க? கண்ணில் விழுந்தது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எங்க தெரியும்? ரொம்ப நாளாவே ஒண்ணும் தெரியாது. சொன்னா மூப்பன் நிறுத்திடுவானோன்னு யார்கிட்டயும் சொல்லல. இவ எதிர்ல இருக்காளே. ஏதாச்சும் இருந்தா இவ மூஞ்சியே சொல்லிடும். இவளை நம்பித்தான் டாக்டர் உட்கார்ந்திருந்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். பஞ்சின்மேல் இருந்த தொலியைப் பார்த்தாள்.

புண் ஆறுவதற்கு அந்தக் கண்ணின் மேல் இமையையும் கீழ் இமையையும் வெளி ஓரத்தில் பாதி வரைக்கும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். சர்க்கரைக்குத் தினம் ஊசி. கண் போகவில்லை, ஆனால் நடுவில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இனி இன்னொரு கண்ணைக் காப்பாற்றுவதுதான் காரியம் என்றாள் டாக்டர். தினமும் காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், தூசியோ சிவப்போ இருந்தால் அன்றே வர வேண்டும், வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கிடங்கை விட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அக்காவைச் சன்னல் ஓரம் உட்காரவைத்து, இமையைப் பிரித்துப் பார்ப்பேன். அவள் அண்ணாந்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். மருந்து விடுவேன், களிம்பு தடவுவேன். ஆறு மாதம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. இப்போது தெருவில் என் பேர்தான் ஓடியது. கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றார்கள். என் புருஷன் தம் அண்ணனிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். பத்து வருஷமாக நான் ஏங்கிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் நெஞ்சில் காந்தியது. போதாக்குறைக்கு அக்காவே வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கு இருக்கிற ஒத்தக் கண்ணு இவதான்" என்று சொல்வாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அடுக்களையில் நான் மத்தி மீன் அரிந்துகொண்டிருந்தேன். அவள் கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்குக்குத் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். கொங்கணிக்காரியிடம் சன்னல் வழியாக என்னைப் புகழ்ந்துவிட்டு அப்போதுதான் திரும்பினாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தத் தொலியை நான் பார்த்தேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "எந்தத் தொலி?"

"உங்க கண்ணுல இருந்தது. விழுந்தப்பவே பார்த்தேன். வேணும்னேதான் சொல்லல. நீங்க அழறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு."

அவள் கை நின்றுவிட்டது. திட்டுவாள், அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிதானமாக ஒன்று மட்டும் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் பார்த்துட்டு இருந்த?"

"சாயா வர்ற வரைக்கும்."

"நான்கூட என்னன்னு கேட்டேனே உன்கிட்ட."

"கேட்டீங்க."

அவள் மறுபடி கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் பரிமாறினாள். எனக்கும் போட்டாள், மீன் துண்டு ஒன்று கூடவே போட்டாள். புருஷன்மார் இருவருக்கும் அவள் அதைச் சொல்லவே இல்லை, கடைசி வரை. சாயங்காலம் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனபோது, "இன்னைக்கு வேண்டாம், தூக்கம் வருது" என்றாள். சரி, ஒரு வேளைதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். சன்னல் ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே முக்காலியில் கொங்கணிக்காரி. டார்ச் அவள் கையில். என்னைவிடச் சின்னவள், கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். இரண்டு விரலால் பயந்து பயந்து இமையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு அண்ணாந்திருந்தாள். எனக்கு அந்தக் கொங்கணிக்காரியின் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அக்காவின் கண் மிளகாய்க்கு அழாததற்குப் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கதவருகில் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. டார்ச் வெளிச்சத்தில், இமை மயிர் ஒன்று உதிர்ந்து, நல்ல கண்ணின் வெள்ளையில் மேல்பக்கம் ஒட்டியிருந்தது. கொங்கணிக்காரி கீழே தேடிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்ல சேச்சி" என்று டார்ச்சை அணைக்கப் போனாள்.

"மேல, மூக்குப் பக்கம். ஒரு மயிர் இருக்கு" என்றேன்.

கொங்கணிக்காரி என்னைத் திரும்பிப் பார்த்து, நகர்ந்து இடம் விட எழுந்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நீ பாரு" என்றாள் அவளிடம். "நீ பார்த்து நீ சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி."